பயப்படாதீங்கம்மா, நல்ல சேதிதான்

மகனே, நலமா என்று கேட்டு எழுதியிருந்தாய். உடம்பு நலம்தான். ஆனால் உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்ததிலிருந்து எனக்குக் கோபம். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருக்கவில்லை. ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதல் முறை படித்தபோது இந்தக் கோபம் இல்லை. தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். மெட்ராஸில் கம்பெனி, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, உனக்கென்று ஒரு மேஜை, மேஜைமேல் உனக்கென்று ஒரு டெலிபோன். பசியாவரத்தில் பிறந்தவனுக்குத் தனியாக ஒரு டெலிபோன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் நைனா வலையை உதறிக்கொண்டே இருந்தார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான், உனக்கும் தெரியும். பக்கத்து வீட்டு செங்கேணி பெரியம்மாவும் வந்து உட்கார்ந்து கேட்டாள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நான் அப்போதே சொன்னேனே என்றாள். நானும் பெருமையாகப் படித்துக்கொண்டே போனேன். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினை டெலிபோனிலேயே விற்க வேண்டும், அதற்குப் பதினைந்து நாள் பயிற்சி, ஒன்றாம் தேதியிலிருந்து போனில் உட்கார வைப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அப்புறம் அந்த இடம் வந்தது. எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும், காரணத்தை வாயிலிருந்து வரவழைத்துவிட்டால் பாதி விற்ற மாதிரி என்று மானேஜர் சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருந்தாய். செங்கேணி எழுந்து போய்விட்டாள். கோழிக்குத் தீனி போட வேண்டும் என்று ஒரு சாக்கு சொன்னாள். அவளிடம் கோழியே கிடையாது. நான் எதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மீதியை வீட்டுக்குள் போய் மனசுக்குள் படித்தேன். மூன்று முறை வேண்டாம் என்று சொல்லும்வரை போனை வைக்கக் கூடாதாம். முதல் வேண்டாம் பழக்கத்தில் வருவது, இரண்டாவது பயத்தில் வருவது, மூன்றாவதுதான் நிஜமாம். பகல் பதினோரு மணிக்கு மேல் போட்டால் வீட்டில் பெரியவர்கள் தனியாக இருப்பார்களாம். புருஷன் இறந்துபோன அம்மாக்கள் நன்றாகப் பேசுவார்கள், போனைச் சீக்கிரம் வைக்க மாட்டார்கள் என்று அதற்குக் கீழே ஒரு கோடு வேறு போட்டிருந்தாய். அந்தக் கோடுதான் என்னை எழுத வைத்தது. என் பிள்ளையின் கையெழுத்து அழகாக இருக்கிறது, கோடு நேராக இருக்கிறது. அதன் மேலே எழுதியிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். இருந்தாலும் உன்னோடு பயிற்சியில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடு. உன் மானேஜருக்கும் கொடு. அவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்வேன், பொறுத்துக்கொள். ஒளிக்க ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாக ஒளித்தவள் நான்தான். அதையும் இப்போது உடைத்துவிடப் போகிறேன்.

நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது. எங்கள் தீவில் டெலிபோன் கிடையாது. ஏரியைத் தாண்டிப் படகில் பழவேற்காட்டுக்குப் போனால் தபால் ஆபீசில் ஒன்று இருந்தது, கறுப்பாக, பூட்டுப் போட்டு. யாராவது மெட்ராஸிலிருந்து ஒருவர் பெயரைச் சொல்லி பி.பி. கால் போட்டால், ஆபீசில் இருந்த காதர் பாய் ஆள் பிடித்துத் தகவல் அனுப்புவார். அநேகமாக அந்த ஆள் நானாகத்தான் இருப்பேன், தினமும் இறால் கூடையோடு அக்கரைக்குப் போகிறவள் என்பதால். நல்ல சேதிக்கு யாரும் எங்களுக்கு போன் போட்டதில்லை. கல்யாணத்துக்குக் கடிதம் வரும், குழந்தை பிறந்தால் ஆளே வரும். போன் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் ஆண்கள் பலர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆகவே பெயர் சொல்லி போன் வந்தது என்று நான் படகிலிருந்து இறங்கிச் சொன்னால், அந்த வீட்டில் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

ஒரு நாள் காதர் பாய் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "தங்கச்சி, உங்க ஊரு செங்கேணிக்கு மெட்ராஸ்லருந்து பி.பி. கால். அவசரமாம். ரெண்டு மணிக்கு திருப்பி போடுவாங்க, இட்டுனு வா" என்றார். செங்கேணியின் புருஷன் அதற்கு முந்தின வருஷப் புயலில் போனவர். ஒரே பிள்ளை ஏழுமலை காசிமேட்டில் விசைப்படகில் இருந்தான். நான் போய்ச் சொன்னதும் அவள் நடு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். படகில் வரும்போது அவளோடு நாலு பெண்கள் ஏறினார்கள். பாதி ஏரி வருவதற்குள் ஒப்பாரி தொடங்கிவிட்டது. அவள் மட்டும் அழாமல், எம்புள்ளய ஏரிலயே வெச்சினு இருந்துருக்கலாமே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். தபால் ஆபீஸ் வாசலில் காலில் இருந்த சேறோடு போய் ரிசீவரை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்ததால் நான்தான் அதை வாங்கி அவள் காதில் பிடித்தேன். அதனால் அந்தக் குரல் எனக்கும் கேட்டது. இளம் குரல், மரியாதையான குரல். "பயப்படாதீங்கம்மா, நல்ல சேதிதான்" என்றது.

அவ்வளவுதான். செங்கேணி அங்கேயே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான். அதற்கு அப்புறம் அந்தக் குரல் சொன்னதற்கெல்லாம் சரி, சரி, சரிங்க ஐயா என்றாள். கம்பளிச் சட்டை பின்னுகிற மெஷினாம். வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினால் கம்பெனியே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுமாம். வலை பின்னுகிற கைக்கு இது விளையாட்டாம். எங்கள் ஊரில் ஸ்வெட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் அன்று ஒருவரும் இல்லை. வெயிலில் கருவாடாகக் காய்கிற ஜனத்துக்குக் கம்பளி விற்றான் பார், அவனுடைய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது. திரும்பி வரும்போது படகில் பெண்கள் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, ஏழுமலைக்கு ஒண்ணும் இல்லியாம் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்துத்தான், "இன்னாவோ மெஷினாம். சரின்னு சொல்ட்டேன்" என்றாள்.

அவனுக்கு அவள் பெயர் எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்கலாம். புயலில் போனவர்களின் பட்டியல் பேப்பரில் வந்திருந்தது, புருஷன் பெயர், மனைவி பெயர், ஊர். அவனே என்னிடம் சொன்னான், ஏதோ கெட்டிக்காரத்தனம் மாதிரி. எப்போது சொன்னான் என்றால், செங்கேணி மேலே பேச முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது. இனிமேல் சொல்வதுதான் நான் ஒளித்தது. நீங்க படிச்சவங்களா என்று கேட்டான். எட்டாம் வகுப்பு என்றேன். அப்படியா, குரல்லயே தெரியுது என்றான். என் குரலைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை, உன் நைனா உட்பட. மெஷின் பார்சலை அந்த அம்மா எடுத்துக்கொள்கிற மாதிரி நான் பார்த்துக்கொண்டால், எனக்கு ஒரு எவர்சில்வர் கேரியர் அனுப்புவதாகச் சொன்னான், மூன்று அடுக்கு. அப்போது நீ துணியில் கட்டிய சோற்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், மற்றப் பிள்ளைகள் மீன் வாசம் என்று மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று அழுதுகொண்டிருந்தாய். நான் சரி என்றேன். செங்கேணியாவது பயந்து சொன்னாள். எனக்கு ஒரு பயமும் இல்லை, நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

பார்சல் வந்து தபால் ஆபீசில் கிடந்தது, பணம் கட்டினால்தான் கொடுப்பார்கள். செங்கேணி எடுக்க மாட்டேன் என்றாள். அவளுக்கு ரத்தச் சூடு தணிந்திருந்தது, புத்தி வந்திருந்தது. அவன் மறுபடி போன் போட்டான். மறுபடி அவள் பிள்ளை செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு ஏரியைக் கடந்தாள். மறுபடி நல்ல சேதிதான் என்றான். வேண்டாங்க ஐயா என்றாள். ஏன்மா என்றான். மெஷின் வைக்க இடமில்லை என்றாள். அது மடக்கி வைக்கிற மெஷின் என்றான். எனக்கு அந்த வேலை தெரியாது என்றாள். சொல்லிக்கொடுக்கிற புத்தகம் உள்ளேயே இருக்கிறது என்றான். கையில் காசில்லை என்றாள். அதைச் சம்பாதிக்கத்தானே மெஷின் என்றான். அவளிடம் இருந்தது மூன்று காரணம், மூன்றும் தீர்ந்துபோயின. கேட்க வீட்டில் ஓர் ஆளும் இல்லை. புருஷன் இருந்தால் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்திருப்பாள். கடைசியில் அவன் குரலை மாற்றி, நீங்க சரின்னு சொல்லித்தானே அனுப்பினோம், சொன்ன சொல் தவறலாமா என்று கேட்டான்.

அந்த வார்த்தை எங்களை எங்கே குத்தும் என்பது உன் ஆபீஸ் பிள்ளைகளுக்குப் புரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். அதற்குக் காகிதம் கிடையாது, முத்திரை கிடையாது. அம்மன் கோயில் வாசலில் நின்று பத்துப் பேர் கேட்க வாயால் சொல்வதுதான். சொன்னால் சொன்னது. சொல் மாறியவனுக்கு ஏரியில் இடம் இல்லை. புருஷன் போன பிறகும் ஊர் இரக்கப்பட்டு அவருடைய பாட்டைச் செங்கேணிக்கே விட்டுவைத்திருந்தது, யாராவது அவளுக்காக வலை போட்டு பங்கு கொடுப்பார்கள். அவள் சோறு ஊரின் வாய்ச்சொல்லில் நின்றது. அப்படிப்பட்டவள் சொன்ன சொல்லை மாற்றுவாளா? அப்போதும் அவள் தயங்கினாள். நான்தான் கேரியரை நினைத்துக்கொண்டு, "சொன்ன சொல்லு சொல்லுதானேக்கா" என்றேன். அவன் சொன்னதைவிட நான் சொன்னதுதான் அவளை அசைத்தது. அந்த வருஷப் பாட்டை ஊரில் இன்னொரு வலைக்காரன் தேசப்பனுக்கு விட்டுக்கொடுத்து, அவனிடம் வாங்கிய பணத்தில் பார்சலை எடுத்தாள்.

கேரியர் வந்துவிட்டது. நீ அதைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறியபோது ஊரே பார்த்தது. மெஷின் வந்த கதையும் உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். செங்கேணி ராப்பகலாக உட்கார்ந்து ஒரே ஒரு ஸ்வெட்டர் பின்னினாள், சின்னது, சிவப்பு. அதை அனுப்பினால் தரம் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குள் உப்புக்காற்றில் மெஷினின் ஊசிகள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. அந்த மார்கழியில் காலைப் பனியில் நீ போட்டுக்கொண்டு திரிந்தாயே சிவப்புச் சட்டை, எல்லாரும் கரடி வருது என்று கேலி செய்தார்களே, அது அதுதான். போன் மட்டும் நிற்கவில்லை. இன்னும் நல்ல நூல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், கேஸ் போடுவோம், பேப்பரில் பெயர் வரும். ஒவ்வொரு முறையும் பி.பி. கால், ஒவ்வொரு முறையும் அவசரம். இவன்தான் என்று தெரிந்தும் அவள் ஓடினாள். போகாமல் இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். ஒரு தபா நெசமா இருந்தா என்று திருப்பிக் கேட்டாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவன் வீட்டுக்குத் தினம் தினம் தீ வைத்துவிட்டுப் பிடுங்கினான்.

அடுத்த வருஷப் பாடு வைக்க ஊர் கூடியது. நூல் வாங்குவதற்காக அந்தப் பாட்டையும் தேசப்பனுக்கே விட்டுக்கொடுக்கப் போவதாகச் செங்கேணி எழுந்து சொன்னாள். தேசப்பன் கெட்டவன் இல்லை, அவனுக்கே அது பிடிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். செங்கேணி பேரில் பாடு இருந்ததால் அவள் பேசலாம், மற்றப் பெண்கள் அங்கே ஓரமாக நின்று கேட்கலாம், பேசக் கூடாது. நான் வீட்டுக்கு ஓடிப் போய்க் கேரியரை எடுத்துவந்து ஊர்த் தலைவர் முன்னால் வைத்தேன். அடுக்கில் காலையில் நீ மிச்சம் வைத்த சோறு இருந்தது. நான் செய்ததை முழுக்கச் சொன்னேன். உன் நைனாவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கம்பெனிப் பரிசு என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. செங்கேணி அந்தப் போன்காரனுக்குச் சொன்ன சொல் செல்லாது என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. தலைவர் கையைக் காட்டி அடக்கிவிட்டு, "சொன்ன சொல்லு மாறலாம்னா நாளைக்கி பாடு எப்டிமா நிக்கும்?" என்று கேட்டார்.

"மூஞ்ச பாத்து சொன்னாதான் சொல்லு, தலைவரே" என்றேன். "தேசப்பனுக்கு சொன்னது சொல்லு. அந்த போன்காரனுக்கு சொன்னது பயம். பயத்துல வாய்ல வந்ததெல்லாம் சொல்லுனா, புயல்ல கத்துறதெல்லாம் கூட சொல்லுதான்." இன்றைக்கும் அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.  அந்தப் புயலில் கத்தாதவன் அங்கே ஒருவனும் இல்லை.

தலைவர் கேரியரைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு, தேசப்பனுக்குக் கொடுத்து முடிந்த பாடு முடிந்ததுதான், ஆனால் முகம் காட்டாதவனுக்குக் கொடுத்த சொல் இனி எங்கள் ஊரில் சொல் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். புதுப் பாடு செங்கேணியிடமே இருந்தது. போன வருஷம் அவள் பட்டினி கிடந்ததற்கு யார் பதில் சொல்வது என்று ஒரு கிழவர் கேட்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து உன் நைனா குரல் வந்தது. "இந்த வருசம் எம்பாட்டையும் செங்கேணியக்காவே எடுத்துக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வருஷம் நைனா ஏன் ஏரியை விட்டுக் காசிமேட்டுக்குப் போனார், மாதத்துக்கு ஒருமுறைதான் ஏன் வந்தார் என்று பலமுறை கேட்டிருக்கிறாய். நானும் ஏதேதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். காரணம் இதுதான். கேரியர் எங்கே என்று கேட்டதற்கு உன்னை அடித்தேன், அதுவும் உனக்கு நினைவிருக்கும். அதை அம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது இன்றைக்கும் அதில்தான் மோர்மிளகாய் வைக்கிறார்கள். உன்னை அடித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உன் நைனா விசைப்படகுக்குப் போன மூன்றாம் மாதம், இறால் விலை பேசிக்கொண்டிருந்தபோது காதர் பாய் அவரே வெளியில் வந்தார், எப்போதும் அவர் வரமாட்டார். "தங்கச்சி, உன் பேருக்கு கால். அவசரம்னு சொல்றாங்க" என்றார். கூடை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. சந்தையிலிருந்து தபால் ஆபீஸ் ஐம்பது அடி இருக்கும். அந்த ஐம்பது அடிக்குள் மனசுக்குள் நான் தாலியைக் கழற்றிவிட்டேன், உன்னை எந்த வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்துவது என்று யோசித்துவிட்டேன், உன் நைனாவோடு கடைசியாகப் பேசியது சண்டை என்பதை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டேன். ரிசீவரை எடுத்தேன்.

"பயப்படாதீங்கம்மா, நல்ல சேதிதான்."

அதே குரல். மகனே, நான் இப்போது எழுதப்போவதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். அந்த நொடியில் அவன் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தான். அவன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் செங்கேணிக்கு என்ன செய்தான், என்னை வைத்து என்ன செய்தான், எல்லாம் தெரியும். ஊரைக் கூட்டி வாய் கிழியப் பேசியவள் நான். அப்படி இருந்தும் என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, உடம்பெல்லாம் நன்றி பொங்கியது, என் வாய் தானாக, சொல்லுங்க சார் என்றது. செங்கேணி ஏமாளி இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சாவைக் காட்டிவிட்டு உயிரைத் திருப்பிக் கொடுத்தால், எந்தப் புத்திசாலியும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவான். அவன் விற்றது மெஷினை இல்லை.

அவன் ஏதோ புதுத் திட்டம் சொன்னான், பத்துப் பெண்களின் பெயர் கொடுத்தால் எனக்கு என்னவோ தருவதாகச் சொன்னான். எனக்கு மூச்சு வர அவ்வளவு நேரம் ஆயிற்று. "வேண்டாம்" என்றேன். ஏன்மா என்றான். செங்கேணியின் மூன்று காரணங்கள் என் கண்முன் வந்தன. ஒவ்வொரு காரணமும் அவன் பிடித்து இழுக்கிற கயிறு. நான் கயிறு கொடுக்கவில்லை. வேண்டாம் என்றேன். என்மேல கோவமா, நான் உங்களை எங்கம்மா மாதிரி நினைச்சுதான் பேசறேன் என்றான். அந்த இடத்தில் எனக்கு அழுகை நின்றுவிட்டது. இவனுக்கும் ஒருத்தி இருப்பாள், இவன் என்ன வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரியுமா என்று நினைத்தேன். தெரிந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாளா என்றும் நினைத்தேன். மூன்றாம் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். காதர் பாய், யாரு தங்கச்சி என்று கேட்டார். யாரோ ஒருத்தியோட புள்ள என்றேன். அதன்பின் எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்கும் அவன் போட்டதில்லை, போட்டிருந்தாலும் ஒன்றும் வாங்கியிருக்க மாட்டோம். முகம் காட்டாதவன் கேட்டால் ஒரே சொல், காரணம் சொல்லக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தேன். என்னைப் பைத்தியம் என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவனுடைய அம்மா பேசவில்லை. நான் பேசுகிறேன். உன் மானேஜர் சொல்கிற மூன்று வேண்டாம் கணக்கு பொய். முதல் வேண்டாம்தான் நிஜம். இரண்டாவதும் மூன்றாவதும் அவளிடமிருந்து நீ பிடுங்குவது. தனியாக இருக்கிற ஒரு பெரிய மனுஷி போனைச் சீக்கிரம் வைக்கவில்லை என்றால், உன் மெஷின் பிடித்துப்போய் இல்லை, பேச ஆள் கிடைத்ததால். அதைத் தெரிந்துகொண்டு அதன்கீழே கோடு போட்டாய் பார், அந்தக் கோட்டுக்கு நான்தான் பொறுப்பு. எவர்சில்வர் கேரியரில் சோறு போட்டு வளர்த்தவள் நான். ஆனால் வேலையை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் விட்டுவிடுவாய், விட்டுவிட்டு அம்மா சொன்னதால் என்று காலம் முழுக்க என்மேல் பழி போடுவாய். எனக்கு அது வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே ஒரு வேண்டாம் கேட்டதும் போனை வைக்கிறவனாக இருக்கலாம். உன்னை வீட்டுக்கு அனுப்பினால் வா, ஏரியில் உன் நைனாவின் பாடு இன்னும் நம் பெயரில்தான் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒன்றாம் தேதி நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் முதல் போனை எனக்குப் போடு. என் பெயருக்கு, பி.பி. கால். காதர் பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் என்னைக் கூப்பிடக் குரல் இருக்கிறது. அவசரம் என்று சொல், உன் மானேஜரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். போடுவது நான்தான் என்று அம்மாவுக்குத் தெரியுமே, ஏன் பயப்படப் போகிறாள் என்று நினைக்காதே. தெரிந்தும் ஓடுவேன். கூடையைக் கீழே போட்டுவிட்டு அந்த ஐம்பது அடியை நீ செத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேதான் ஓடுவேன். ரிசீவரைக் காதில் வைத்ததும் உன் குரல் கேட்கும். நீ உயிரோடு இருக்கிறாய். அந்த நிமிஷம் நீ எதைக் கேட்டாலும் நான் சரி என்பேன், குழாயே இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் மெஷினைக்கூட வாங்குவேன். அப்போது என் மூச்சைக் காது கொடுத்துக் கேள். கேட்டுவிட்டு, முடிந்தால் எனக்கு விற்றுப் பார்.

பசியாவரத்திலிருந்து,
போனுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா